ம்

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
ஐஸ் கம்பெனிக்கு எதிரே மருந்துக்கடை.
கல்லாவில் முதலாளி,
கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நான்.
வருகிறவர்களின் ஒரு கன்னம்தான் எனக்குத் தெரியும்.
மறு கன்னத்தை
வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருப்பார்கள்.

இன்னாசி சீட்டை நீட்டினார்.
வாய் போனில் இருந்தது:
"ஏலம் முடிஞ்சிருச்சா? நண்டு என்ன வெல போச்சு?"
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று,
வெறும் வயிற்றில் போடக்கூடாது என்றேன்.
"ம்" என்றார்.

அந்த ம் யாருக்கு?
நண்டுக்கா, மாத்திரைக்கா?
ஒற்றை எழுத்து, தலையில் ஒரு புள்ளி.
அதை நம்பி
ஒரு சர்க்கரை நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறேன்.
அட்டையின் முதுகில் பேனாவால்
சூரியன் ஒன்று, பிறை ஒன்று வரைந்து வைத்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

எத்தனை அட்டை என்றேன் சீனியம்மாவிடம்.
"நாலு" என்றாள்.
நாலைக் கட்டிக் கொடுத்தேன்.
சாயங்காலம் சண்டைக்கு வந்துவிட்டாள்.
நாலு மணி பஸ்ஸுக்கு வரச் சொன்னாளாம் தங்கச்சியை.
விற்ற மருந்து வாபஸ் இல்லை என்று
அவள் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது.
மூன்று அட்டையின் காசு
என் சம்பளத்தில் போனது.

மறுநாள் நான் ஒரு தாள் ஒட்டினேன்:
போனில் பேசுகிறவர்களுக்கு மருந்து கிடையாது.
ஒரு மணி நேரம் இருந்தது.
"பேசுறவன்கிட்டதாம்மா காசு இருக்கு"
என்று முதலாளி கிழித்தார்,
பசை மட்டும் சுவரில் நின்றது.

அதற்காக என்னை யோக்கியமானவள் என்று
நினைத்துவிட வேண்டாம்.
மத்தியானம் டீக்கடையில்
திருப்பூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.
வடையை விரலால் காட்டினேன்.
சட்னியா சாம்பாரா என்றார் மாஸ்டர்.
ம் என்றேன்.
இரண்டையும் ஊற்றினார்.
தின்றேன், வேறென்ன செய்ய.

ஐப்பசியில் ஒரு நாள்,
காற்று ஏறிக்கொண்டே இருந்த ராத்திரிக்கு மறுநாள் காலை.
ஜெசிந்தா குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கேட்டு நின்றாள்.
போன் வந்தது.
அவள் எதுவும் பேசவில்லை.
ம் என்றாள்.
கொஞ்சம் கழித்து, ம்.
பின்னால் வரிசையில் இருந்தவர்கள்
ஒவ்வொருவராகத் தங்கள் போனைக் கீழே இறக்கினார்கள்.
பொட்டலத்தை நீட்டியபடி நான் நின்றேன்.
எத்தனை, எந்த வேளை, எவ்வளவு தண்ணீரில்,
எதுவும் சொல்லவில்லை.
அந்த ம் யாருக்கு என்று
அன்று கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
பொட்டலத்தை வாங்காமலே போனாள்.
சில்லறை கண்ணாடிமேல் கிடந்தது.
முதலாளியே எடுத்துக்கொண்டு
அவள் வீட்டுப் பக்கம் நடந்தார்,
பொட்டலத்தையும் சேர்த்து.

நேற்று ஒரு பையன்.
திருக்கை முள் ஏறிய கால்,
ஆஸ்பத்திரிக் கட்டு, நொண்டி நொண்டி வந்தான்.
காதில் போன் இருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான்.
இதுவும் ஒரு கன்னம் என்று எழுதிவிட்டு
மாத்திரையை எண்ணத் தொடங்கினேன்.
"இரு" என்று போனிடம் சொன்னான்.
கண்ணாடிமேல் அதைக் குப்புறப் போட்டான்.
என்னைப் பார்த்தான், இரண்டு கண்ணாலும்,
ஒன்றில் உப்புத் தண்ணீர்ச் சிவப்பு.
"சொல்லுங்கக்கா."

எனக்கு மறந்துவிட்டது.
நாளுக்கு நூறு தடவை சொல்கிறதுதான்,
காலையா ராத்திரியா,
சாப்பிட்டா சாப்பிடாமலா,
ஒன்றும் வரவில்லை வாயில்.
சீட்டைத் திருப்பி, மறுபடி திருப்பி,
டாக்டரின் கிறுக்கலில் தேடினேன்.
அவன் காத்திருந்தான்.
கண்ணாடிமேல் யாரோ ஒருத்தி
வாளிக்குள் நண்டு பிறாண்டுவதுபோல
ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தாள்.

"காலையில..." என்று ஆரம்பித்தேன்.

"ம்" என்றான்.