ஏழாம் பொருத்தம்

வாவாவில் அன்று மைனஸ் இருபத்தாறு.
எட்டு சார்ஜ் கம்பங்களில் மூன்று செத்திருந்தன.
ஒன்றைப் பனி அள்ளும் வண்டி புதைத்துவிட்டது.
இரண்டில் ஆள் இருந்தது.
மிச்சம் இரண்டையும் அடைத்துக்கொண்டு
கோணலாக நின்றது அவள் கார்,
கூரையில் ஒரு பச்சைக் கதவைக் கட்டிக்கொண்டு.

“கேபிள் குட்டை,” என்றாள் கண்ணாடியை இறக்கி.
“என் காருக்கு வாய் அந்தப் பக்கம்.”
ஒடெட் லரோக் என்று பெயரும் சொன்னாள்,
நான் கேட்கவில்லை.
என் பேட்டரியில் ஒன்பது சதவீதம்.
தலையை மட்டும் ஆட்டினேன்.

அது எங்கள் கம்பெனிக் கம்பம்.
இந்த ‘எங்கள்’ எப்போது என் வாயில் ஏறியது?
நான் மாதத் தவணை கட்டுகிறவன்.
கம்பெனி என்னை ஒரு எண்ணால் அழைக்கும்.
ஆனாலும் ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்து
அழையா விருந்தாளி இலை போட்டுச் சாப்பிடுவதைப்
பார்ப்பது போலப் பார்த்தேன்.

தண்டர் பேயில் பல் செய்வது என் தொழில்.
ஒருவர் பல்லுக்குச் செய்த தொப்பி
இன்னொருவர் வாயில் உட்காராது.
மயிரிழை உயர்ந்தால் போதும்,
தாடை ராத்திரி முழுக்க அதையே அரைக்கும்.
அதனால் அடாப்டர் என்ற சாமானை
நான் நம்பியதில்லை.
இந்த முகத்தில் ஒரு கம்பெனி,
அந்த முகத்தில் இன்னொன்று,
கல்யாணத் தரகர் மாதிரி
இரண்டு வீட்டிலும் இரண்டு பேச்சு.

நாற்பது நிமிடம்.
போய்விட்டாள், தெற்கே.

நான் காரை உள்ளே விட்டேன்.
கைப்பிடி மாட்டிய இடத்தில் இல்லை,
பனியில் கிடந்தது,
வாயில் அந்தக் கறுப்புத் துண்டைக் கவ்விக்கொண்டு.
அது இருக்கும்வரை என் காருக்கு ஒரு துளி கிடையாது.

இழுத்தேன். தாழ் உறைந்திருந்தது.
ஊதினேன். உதடு ஒட்டப் பார்த்தது.
கடைசியில் கோட்டைத் திறந்து
கைப்பிடியை அக்குளில் செருகி
கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்,
வீட்டுக்குப் போக மறுக்கும் குடிகாரனைப் போல.
பக்கத்துக் காரில் ஒரு சிறுவன் என்னைப் படம் எடுத்தான்.

‘டக்’ என்றது.
உள்ளங்கையில் விழுந்ததைத் திருப்பிப் பார்த்தேன்.
நகப் பாலீஷில் இரண்டு எழுத்து, ஓ, எல்.
விளிம்பில் விரலை ஓட்டினேன்.
பொருத்தம் சுத்தமாக இருந்தது.
அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஸூவுக்கு இருநூற்று இருபது கிலோமீட்டர்.
அங்கே போய்த்தான் பையைத் துழாவுவாள்.
என் வழி மேற்கே.
ஒன்பது எட்டாகியிருந்தது.

எதிரே டீசல் பங்கில்
எஞ்சினை அணைக்காமல் நின்றார் ஹர்ஜப் தில்லோன்,
பின்னால் பதினெட்டு டன் காகித உருளை.
“இது இல்லாவிட்டால் ஒரு கார் ஸூவில் பட்டினி,” என்றேன்.
வாங்கி இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தார்.
“எங்கள் குழாய் குலம் கோத்திரம் கேட்பதில்லை,” என்று
சிரித்தார். பல்வரிசை அவருடையதேதான்,
என் மாதிரி ஆள் செய்ததில்லை.
“எந்த கார்?”
“கூரையில் பச்சைக் கதவு.”
வேறெதுவும் கேட்கவில்லை.
பல் படம் போட்ட என் கார்டை
அடாப்டரோடு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன்.

நான்காம் நாள் ஒரு படம் வந்தது, சொல் எதுவும் இல்லாமல்.
வேறு ஊர், அதே பனி.
கார் சார்ஜ் ஆகிறது.
கூரையில் கதவு இல்லை.
எந்தச் சுவரில் இறங்கியதோ.
கேபிள் விறைத்து நிற்க
மறுபடி இரண்டு கம்பத்தை அடைத்துக்கொண்டு, கோணலாக.

பின்னால் ஒரு வெள்ளைக் கார்
விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கிறது.
கண்ணாடியில் பனி. உள்ளே இருப்பவன் முகம்
தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.