ஒன்னரை ஷிப்ட்

பதினோராவது நிமிடத்தில் நின்றுவிடும்.
நிற்பதென்றால் நிற்பதில்லை.
நாலு புள்ளி ஒன்பதில் ஓடிக்கொண்டிருந்தது
பூஜ்ஜியம் புள்ளி எட்டுக்கு இறங்கி
புஷ்பா தியேட்டர் முக்கில் சிக்கிய பஸ் மாதிரி
ஊரும்.
திரையில் ஒரு டி-ஷர்ட்,
கை ஒன்று அந்தரத்தில் தொங்க,
துணி விழுகிற கணக்கைப் பாதியில் விட்டிருக்கும்.
ரோட்டர்டாம்காரனுக்கு விடிவதற்குள் போக வேண்டும்.

சூடு பார்த்தேன். அறுபத்து நாலு.
மூன்று தரம் பார்த்தேன். அறுபத்து நாலு.
அந்தச் சூட்டில் டீ கொடுத்தால்
இங்கே ஆறிப்போச்சென்று திருப்பி அனுப்புவார்கள்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். பஞ்சு.
இந்தத் திருப்பூரில் பஞ்சு புகாத இடம்
பேங்க் லாக்கர் மட்டும்தான், அதுவும் சந்தேகம்.
பிரஷ்ஷால் கூட்டி உருட்டினால்
பொம்மைக்குத் தலையணை ஆகும்.
மாட்டினேன்.
பதினோராவது நிமிடம்.

பேஸ்ட்டை வழித்துப் புதிதாய் ஒரு பட்டாணி.
பதினோராவது நிமிடம்.
யூபிஎஸ்ஸை மாற்றினேன். அப்டேட்டைத் திட்டினேன்.
வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன்,
பசியாக இருக்குமோ என்று.
எட்டாவது நிமிடம்.
துப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.
எனக்குத்தான் உறைக்கவில்லை.

போர்டை எனக்குத் தள்ளிவிட்ட சென்னிமலை
போனில் கொட்டாவி விட்டான்:
"பிராசசர் போச்சுடா. எங்கிட்ட ஒண்ணு இருக்குது."
அவனிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

ராத்திரி ஒன்றரைக்கு
கேபிளை ஒதுக்கப் போன விரல் தவறிப் பட்டது,
பிராசசருக்கு இடப்புறம்,
மின்சாரத்தை அளந்து ஊட்டும் சில்லுகளின் மேல்
கருப்பாய் உட்கார்ந்திருந்த அலுமினியக் கட்டியில்.

வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.
சுடுவது இது.
கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னதும் இது.
அறுபத்து நாலில் சும்மா இருந்தவனை
மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் வரை ஓடியதே?
போன மாதம்தான் தண்ணீர் கூலர் வாங்கினேன்.
இரண்டு குழாய், நீல வெளிச்சம், ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
பழைய காற்றாடியைக் கழற்றும்போது
பிராசசருக்கு அது ஊதியதைத்தான் கணக்கில் எடுத்தேன்.
ஓரமாய்ச் சிந்திய காற்றில்
யார் யார் பிழைத்துக் கிடந்தார்கள் என்று
எந்த மீட்டரும் காட்டவில்லை.

அன்றைக்கு வேறு வழியில்லாமல்
நாலு புள்ளி ஒன்றுக்கு இறக்கிவிட்டேன்.
பதினொன்று. பன்னிரண்டு. நாற்பது.
ஐந்தே காலுக்கு டி-ஷர்ட்டின் இரண்டு கையும் விழுந்தன.
அனுப்பியாயிற்று.

ஆனாலும் எட்டரைக்கு
கீழே செக்கிங் டேபிள் முன்னால் போய் நின்றேன்.
என் பழைய காற்றாடி அங்கேதான்,
செத்த மோடத்தின் அடாப்டரில் உயிர் வாங்கி
சம்பூரணத்தக்காவின் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.
நானே கொடுத்தது.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்ளாக்கும்"
தலை நிமிரவில்லை. தையல் விட்ட கழுத்துப்பட்டியில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினாள்.
"நேத்து வேலை முடியலீங்களா?"
முடிந்தது என்றேன்.
"அப்பறம் இது எதுக்குங்க?"
எட்டுப் புள்ளிக்கு என்று சொல்ல
கூச்சமாக இருந்தது.

இன்னும் நாலு பீஸ் பார்த்துத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"பொழுதோட எடுத்துட்டுப் போங்க.
வெடியால எட்டரைக்கு இங்க இருக்கோணும்."

இப்போது ராத்திரிகளில்
இடுப்புப்பட்டி எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டி
கருப்புக் கட்டிக்கு நேராக அதைக் கட்டுகிறேன்.
நாலு புள்ளி ஒன்பது. பதினோராவது நிமிடம்
வந்த சத்தமில்லாமல் போகிறது.
பகலில் அங்கே, இரவில் இங்கே.
கம்பெனியில் யாரும் செய்யாத ஷிப்ட்,
ஓவர்டைம் கேட்காமல்.

நேற்று கட்டும்போதுதான் கவனித்தேன்.
இறக்கையில் ஒரு சிவப்பு அம்பு.
டேமேஜ் எது என்று காட்ட அவள் ஒட்டுவது.
எந்தப் பக்கம் காட்டுகிறது என்று
குனிந்து பார்ப்பதற்குள்
ஓடத் தொடங்கிவிட்டது.