பத்தொன்பதாம் நாள்

பழைய சோனகத் தெருவில், நஜீமாவின் களஞ்சியத்தில்
இத்தாலியில் பிறந்த ஓர் இயந்திரம்
தேயிலைப் பைக்கு நூல் கட்டத் தெரியாமல் நிற்கிறது.
கட்டி அறுக்கிறது. கட்டாமலும் அறுக்கிறது.
நிமிடத்துக்கு நூற்றிருபது பை என்று விற்றார்கள்;
நூற்றிருபது வாலில்லாத எலிக்குட்டிகள்.

இன்வொய்ஸின் முன்பக்கம் விலை. பின்பக்கம் வெள்ளை.
சண்டை வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்று
இரண்டு பேரும் எழுதவில்லை.
நல்ல நாளில் யார்தான் அதைப் பேசுகிறார்கள்.

புதுக்கடையில் பெர்னாண்டோபுள்ளே எழுந்தார்:
"செய்தது அங்கே. கப்பலேற்றியது அங்கே.
விற்றவரின் வாசலும் அங்கே. ஆகவே அந்த நாட்டுச் சட்டம்."
நான் தலையாட்டினேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் தொடர்ந்தார்:
"அங்கே பழுது கண்டால் எட்டு நாளுக்குள் சொல்ல வேண்டும்.
இந்த அம்மா வாய் திறந்தது பத்தொன்பதாம் நாள்."

என் முதுகுக்குப் பின்னால்
தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது.

அந்த நாட்களில் அவள் சும்மா இருக்கவில்லை.
நூலை மாற்றினாள். மின்சாரத்தைத் திட்டினாள்.
பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பாஸைக் கூட்டிவந்தாள்,
லொறிக்கு மட்டும் வைத்தியம் தெரிந்தவர்.
கடைசியில் தன் கையைத்தான் சந்தேகித்தாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்:
கூப்பிட்ட விருந்தாளி தனியே வருவதில்லை, கௌரவ நீதிபதி அவர்களே.
இத்தாலியின் சட்டத்தை அழைத்தால்
அது இடுப்பில் ஓர் உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு வரும்,
நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கென்றே எழுதியது.
"இலங்கை அதில் ஒப்பமிடவில்லை!"
இல்லைத்தான்.
நமது விதி எந்த நாட்டை நோக்கி விரல் நீட்டுகிறதோ
அந்த நாடு ஒப்பமிட்டிருந்தால் போதும்.
எட்டு நாள் அவர்கள் வீட்டுக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு.
கடல் தாண்டி வாங்கியவளுக்கு
'நியாயமான காலம்'.

பிறநாட்டுச் சட்டம் இங்கே சட்டமில்லை, ஒரு சங்கதி.
சறுக்கிய டயர் அடையாளம் போல
அதற்கும் சாட்சி வேண்டும்.
திரையில் ஒரு பேராசிரியை வந்தார், அங்கே விடியற்காலை,
தலைமயிர் ஈரம். சத்தியம் செய்தார்.
ஆம், அது எங்கள் சட்டம்தான் என்றார்.

அறிவித்தல் எங்கே என்றார் நீதிபதி.
கடிதமில்லை. ஒரு வட்ஸ்அப் குரல், நாற்பத்தொரு விநாடி.
போட்டுக் காட்டினோம்:
"மிஸ்டர், லிசன், திஸ் இஸ் யுவர் மெஷின்" என்று நஜீமா,
பிறகு அவள் பேசவில்லை.
டக். டக். கிர்ர். டக்.
மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார்.

தீர்ப்பு ஓகஸ்டில்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில்
என் பிளாட்டை விற்க நொத்தாரிசிடம் போனேன்.
என் சம்பளம், என் கடன், என் பெயரில் உறுதி.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"உங்கட அவர் எவடம்?"
சாவகச்சேரி.
"அப்ப தேசவழமை. அவற்றை சம்மதம் எழுத்தில வேணும்.
பிறகு பிரச்சினை வரக்கூடாது, பாருங்கோ."

நான் பிறந்தது கொட்டாஞ்சேனை.
சாவகச்சேரிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்,
ஒன்று செத்தவீடு.
அவர் இருப்பது ஸ்காபரோவில், ஐந்தாவது பனிக்காலம்.
நான் ஒப்பமிடாத ஒரு சட்டம்
அவர் ஊரின் வழியாக என் சமையலறைக்குள் வந்து
அடுப்பங்கல்லில் கைவைத்துக்கொண்டு நிற்கிறது.
சிரித்துவிட்டேன். நொத்தாரிசு பயந்துவிட்டார்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி
அவருக்கு ஒரு குரல் அனுப்பினேன். என்ன சொல்வதென்று தெரியாமல்
பாதிக்கு மேல் ஹோர்ன் சத்தம்.
இரண்டு நீலக் கோடு. கேட்டிருக்கிறார்.

நியாயமான காலம் எத்தனை நாள் என்று
அந்த உடன்படிக்கையிலும் எழுதவில்லை.