சின்னவிரலின் பங்கு

பேர்கனில் இருந்து மின்னஞ்சல்.
"யசிந்தா அக்கா, அப்பாவின்ர பழைய பிளொப்பியில
ஒரு கடிதம் கிடந்தது. திறந்தால் எல்லாம் குப்பை.
நீங்கள் அச்சகத்திலதானே,
ஏதும் செய்யேலுமோ?"

கஸ்தூரியார் வீதி, பின்னேரம் மூன்று மணி.
கலியாண அட்டை ஒன்று, கல்வெட்டு இரண்டு
காத்துக் கிடக்கின்றன.
திரையில் எமிலியானுஸ் மாஸ்டர்:
எம் கே கே எச்.

எழுத்துரு இல்லாத கணினிக்கு அது கிறுக்கல்.
எனக்கு இருபத்திரண்டு வருஷத்துப் பாமினிக் கை.
எம் என்றால் அ. கே என்றால் ம.
எச் என்றால் கால்.
அரைப்புள்ளிக் கட்டையில் மெய்யின் புள்ளி,
அது வலக்கைச் சின்னவிரலின் பங்கு.

அவருக்கு அந்த விரல் இல்லை.
குருநகர் ஐஸ்வாடிக் கதவு
எண்பத்தாறில் எடுத்துக்கொண்டது.
மிச்ச ஒன்பதோடு
சங்கத்தில் கணக்கு அடித்தார்,
கோயிலில் ஓகன் வாசித்தார்,
காலால் துருத்தி மிதித்து,
கரண்ட் இல்லாத வருஷங்கள் முழுக்க.

சங்கத்து ரைப்ரைட்டரில் புள்ளிதான் முதலில் விழும்.
வண்டில் நகராது,
எழுத்து பிறகு வந்து அதன் கீழே நிற்கும்.
கணினியில் எழுத்து முதல், புள்ளி பிறகு.
அவருக்கு இரண்டும் ஒன்று.
எட்டாத கட்டையை விட்டுவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு நான் கோயிலுக்கு வந்தபோது
புது யமஹா, அறுபத்தொரு கட்டை,
என் பத்து விரல்.
முதல் பூசை முடிய
பாடகர் குழுவில் பெனடிக்ரா ரீச்சர் கேட்டா:
"என்ன பிள்ளை, மேல ஏதோ கூடக் கேக்குது?"
சுரத்தாளில் உள்ளதைத்தான் வாசித்தேன்.
அவர்கள் இருபது வருஷம்
அந்த ஒரு சுரம் இல்லாமல் பாடிப் பழகியவர்கள்.

மேசையில் கை வைத்தேன்.
கடிதத்தைக் கண்ணால் வாசிக்கவில்லை,
மரத்தில் தட்டினேன்.
சுரத்தாள் மாதிரித்தான் இதுவும்,
விரல் எங்கே போனது என்ற கணக்கு மட்டும்.
தட்டத் தட்டக் கேட்டது:

*அமமா சுகம. மோடடர பழுது.
சவிரிமுததுவிடம ஆறாயிரம கொடுததேன, கேளாதே.
ஓகனுககுக காசு அனுபபாதே,
எலி திணடது துருததியைததான,
நான ஒடடிபபோடடேன.
உனககு அஙகே குளிர எனறு கேளவி.*

ஏட்டில் புள்ளி இல்லை என்பார்கள்.
வாசிப்பவர்தான் வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எல்லாப் புள்ளியும் வைத்தேன்.
அரை நிமிஷம்.
வாசித்துப் பார்த்தால் யாரோ ஒரு கிளாக்கர்.
அழித்தேன்.
யுனிகோட்டுக்கு மாற்றி
அவர் அடித்தபடியே அனுப்பினேன்.

இப்போது போனில் யாரும் புள்ளி தேடுவதில்லை.
ஆங்கிலத்தில் அம்மா என்று தட்டினால்
அதுவாய் வந்து தலையில் குந்துகிறது.
அச்சகத்துப் பெடியன் றொஷானுக்கு
அரைப்புள்ளி என்றால்
கண்சிமிட்டும் முகத்தின் ஒரு கண்.

இரவு பதில் வந்தது.
"நன்றி அக்கா. அழுதிட்டன்.
ஆனால் எழுத்துப் பிழை கனக்க இருக்கு,
மாத்தேக்க வந்ததோ?"

ஒன்பது வயதில் போன பிள்ளை.
தகப்பனின் எந்தக் கையைப் பிடித்து நடந்திருக்கும்?
இடக்கையாக இருக்கலாம்.

இல்லை என்று அடிக்க
ஒரு இ, ஒரு ல், ஒரு லை.
நடுவில் அந்தப் புள்ளி.
என் விசைப்பலகையில் எல்லா எழுத்தும் தெரிகிறது,
அரைப்புள்ளிக் கட்டை மட்டும்
தேய்ந்து வெறும் கறுப்பு.
அதற்கு மேல் சின்னவிரல் நிற்கிறது,
இன்னும் இறங்கவில்லை.