மாதிரி

படிவத்தில் நான்காவது கட்டம்:
வாடை எதைப் போன்றது.
ஆங்கிலத்தில்தான் நிரப்பவேண்டும்.
ஈச்சங்காட்டிலிருந்து அஞ்சாலாட்சி போனில் சொல்வாள்,
ஓ.டி.யில் ஜெராக்ஸ் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு
நான் எழுதுவேன்.

"எழுதிக்க தம்பி. அழுகுன முட்டை மாதிரி."

லைக் ராட்டன் எக்.
எழுதியபின் உறுத்தியது.
லைக் என்றால் பிடிக்கும் என்றும் பொருளாயிற்றே,
அழுகிய முட்டை யாருக்குப் பிடிக்கும்?
வெள்ளைக்காரன் கஞ்சன்,
இரண்டு வேலைக்கு
ஒரே ஆளை வைத்துக்கொண்டான்.

மறுநாள், நகப்பாலிஷ் மாதிரி.
அதற்கு மறுநாள்,
செத்த எலியைச் சர்க்கரையில் போட்டு வதக்கின மாதிரி.
இதற்கு லைக் தாங்காது என்று
ஆஸ் இஃப் போட்டுப் பார்த்தேன்.
நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிட்டு
பொய்தான் என்று
தானே ஒப்புக்கொள்ளும் சொல் அது.
அவள் பொய் சொல்லவில்லையே. அடித்துவிட்டேன்.

சிமிலர் டு, முழுக்கைச் சட்டை போட்ட லைக்.
ரிசெம்பிள் எழுதினால்
காற்றுக்கு மூக்கும் முழியும் முளைத்துவிடுகிறது.
ஐடென்டிகல் எழுத மட்டும் கை வரவில்லை.
சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறவர்கள்
எழுதவேண்டியது.

சித்திரையில் ஒரு வாரம் முழுக்க
ஒரே வாடை.
"கனிஞ்சு வெடிச்ச பலாப்பழம் மாதிரி, தம்பி.
மொத நிமிஷம் நல்லாத்தான் இருக்கு.
அப்புறம் தொண்டை காறுது."
லைக் ஓவர்ரைப் ஜாக்ஃப்ரூட்.
அந்த முதல் நிமிஷத்தில் மட்டும்
லைக்கின் இரண்டு பொருளும்
ஒரே இடத்தில் நின்றன.

நூற்று எண்பது படிவம் சேர்ந்ததும்
இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
கலியவரதன் சார் நல்ல மனிதர்,
உட்காரச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார்,
எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.
"லைக், லைக், லைக்.
இதையெல்லாம் வச்சு நோட்டீஸ் அனுப்ப முடியாதும்மா.
மாதிரி வேணும்."

"ஒரு வருஷமா மாதிரிதானே சார் குடுக்குறோம்?"

அவர் கேட்ட மாதிரி
பையில் பிடித்து, சீல் வைத்து, நேரம் குறித்து
சென்னைக்குப் போய்
பெயரோடு திரும்பி வருவது.
அவள் கொடுத்த மாதிரி
மூக்கில் பிடித்தது.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.
இந்த ஒரு இடத்தில்
நாம்தான் ஒரே ஆளை வைத்துக்கொண்டோம்.
பஸ்ஸில் வரும்போது இதை அவளிடம் சொன்னேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனியில் அவள் வீட்டுக்காரர்
பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பழம்
மொபெட்டின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார்.
கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி
சாக்கு விரித்து உட்கார்ந்தாளாம்.
கத்தி இறங்கியதும்
சமையல்கட்டு, கூடம், வாசல் வரை.
தன்ஷிகா, ஒன்றாம் வகுப்பு,
வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.
இரண்டு சன்னலையும் சாத்தினாள்.
சீருடைக் காலரை இழுத்து
மூக்கை மூடிக்கொண்டு சொன்னாள்:
"அம்மா, கம்பெனி மாதிரி அடிக்குது."

போனில் இவ்வளவும் சொல்லிவிட்டு
"எழுதிக்க தம்பி" என்றாள்.

தேதி எழுதினேன். இரவு எட்டு நாற்பது.
காற்று: இல்லை.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.
லைக்குக்கு இந்தப் பக்கம் எதை வைப்பது,
அந்தப் பக்கம் எதை?
இதுவரை
கம்பெனியைத்தான் பழத்தோடு ஒப்பிட்டோம்.
அந்தப் பிள்ளை பழத்தைத் தூக்கி
கம்பெனியோடு ஒப்பிட்டுவிட்டாள்.
எந்த ஊர்ப் பலாவையும் இனி
அதை வைத்துத்தான் அறிவாள்.

"எழுதிட்டியா?"

"இல்லக்கா."

அந்தப் பக்கம்
கத்தியைத் தேங்காய் நாரால் துடைக்கிற சத்தம்.
பிறகு,
"பாதி அறுத்தாச்சு. அவ தொடமாட்டேங்குறா.
உனக்குப் பலாப்பழம் பிடிக்குமா தம்பி?"