ஏழாம் வாயில்

கெமி. ஜனவரி. விடியற்காலை மூன்று மணி.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
காகித ஆலைக்குள்ளே
கம்பளிச் சட்டையைக் கழற்றியும் வியர்க்கிறது.
உலர்த்தும் உருளைகளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி.
அதில் நான் திருகி நிறுத்திய கருவி:
எட்டு வாயில்கள்,
வளையம் நுழைய ஒரு முனை,
வெளியேற ஒரு முனை.

இந்தச் செருகிகளில் ஆண் பெண் கிடையாது.
எதுவும் எதனோடும் பூட்டிக்கொள்ளும்.
விளக்கு பிடித்துக்கொண்டிருந்த தாய்ஸ்தோ
அதைக் கேட்டுச் சிரித்தான்.
ஏனென்று சொல்லவில்லை.

ஒரே ஒரு டோக்கன்தான் சுற்றும் என்றேன்.
அது கைக்கு வந்தால் பேசலாம்.
பேசியதும் விட்டுவிட வேண்டும்.
மற்றவர்கள் காதில் விழுந்ததை
ஒரு எழுத்தும் சிந்தாமல்
அடுத்தவருக்குத் தள்ள வேண்டும்.
"எங்கள் சங்கக் கூட்டம் ஒருநாளும்
இப்படி நடந்ததில்லை" என்றான்.

நான்கு மணிக்கு எல்லாக் கணினிகளையும் எழுப்பினோம்.
பெட்டிக்குள் டக், டக் என்று
ரிலேக்கள் விழித்தன.
பிறகு ஒன்றுமில்லை.
வளையம் வளையமாகவில்லை.

என் மடிக்கணினியில் ஒரே வரி
திரும்பத் திரும்ப வந்தது.
எட்டாம் வாயில் கத்திக்கொண்டிருந்தது:
எனக்கு முன்னால் இருப்பவர் குரல்
எனக்குக் கேட்கவில்லை.
முன்னால் இருப்பவர், ஆறாம் வாயில்.

ஆறு, ஹில்க்காவின் ஆய்வகம்.
எட்டு, எடை மேடை.
"என் பெட்டியை யாரும் தொடவில்லை" என்றாள் ஹில்க்கா,
ஈரப்பதம் அளக்கும் காகிதத் துண்டிலிருந்து
கண்ணை எடுக்காமல்.
எடை மேடைக்காரனும் அதையே சொன்னான்,
கொஞ்சம் உரக்க.
ஆய்வகத்துக் கேபிளை மாற்றினேன்.
எடை மேடையின் அட்டையைக் கழற்றி
வேகத்தைப் பார்த்தேன்: பதினாறு. சரிதான்.
தரைப்பலகையைத் தூக்கி
இருபது மீட்டர் தூசியைத் தவழ்ந்து பார்த்தேன்.
ஒரு கையுறை கிடைத்தது. இடது கை.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழு.
வரைபடத்தில் ஏழின் மேல்
பென்சிலால் ஒரு கோடு.
கிடங்குக் கணக்கர்.
போன வருடம் நாற்பது பேரை அனுப்பினார்கள்,
அவர் முப்பத்தெட்டாவது.
மேசை இருக்கிறது. நாற்காலியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.
வாயிலில் கேபிள் இல்லை.
ஆளே இல்லாத இடத்தில்
என்ன அறுந்துவிடும் என்று
அதை நான் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது.

புதுக் கருவி லாரியில் குலுங்கி வரும்போது
ரிலேக்கள் திறந்துகொள்ளும்.
பொருத்துமுன் கையடக்கமான ஒரு கருப்புப் பெட்டியை
ஒவ்வொரு வாயிலிலும் செருக வேண்டும்.
சிறு விளக்கு எரியும், அணையும்.
அணைந்தால் மூடிவிட்டது.
ஒன்று முதல் ஆறு வரை செய்தேன்.
ஆய்வகத் தொலைபேசி அடித்தது.
"உனக்குத்தான்" என்று நீட்டினாள் ஹில்க்கா.

என் தம்பி ரெய்யோ.
அந்த நேரத்தில்.
அப்பாவின் படகை விற்றுவிட்டானாம்.
விலை சொன்னான்.
நான் பேசுவேன் என்று அவன் காத்திருந்தான்,
அவன் இன்னும் ஏதோ சொல்வான் என்று நான்.
வெகு நேரம் கம்பி இரைந்தது.
வைத்துவிட்டு வந்து
எட்டில் செருகினேன்.

இப்போது ஏழில் செருகினேன்.
விளக்கு எரிந்தது,
வழக்கத்தைவிட நெடுநேரம்.
அணைந்தது.

ஹில்க்காவின் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.
எடை மேடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை,
தெர்மோஸை மட்டும் என் பக்கம் தள்ளினான்.
காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
"போக்குவரத்து அதிர்வு" என்று எழுதினேன்.
பொய்யில்லை.
கீழே ஹில்க்கா கையெழுத்திட்டாள்,
படிக்காமல்.
அல்லது நான் பார்க்காதபோது
படித்துவிட்டு.