சில்லறை

நூர்நிஷா மேடம் ஒரு நோட்டு கொடுத்தார்,
கோடு போட்டது, நாற்பது பக்கம்.
தினம் நாலு வரி எழுதணும்.
வராத நாளில் "வரவில்லை" என்றாவது எழுதணும்.
முதல் மூன்று பக்கம்
வரவில்லை வரவில்லை வரவில்லை.
நான்காம் பக்கம் "வரவல்லி."
அதை அவர் அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு பூ வரைந்தார்.

மண்டையைத் திறக்க வேண்டாம் என்றார் பெரிய டாக்டர்,
ரத்தக்கட்டு தானாகக் கரையுதாம்.
பூங்கோதை சந்தோஷத்தில் அழுதாள்.
எனக்குச் சந்தேகம்.
திறக்காமல் எப்படி உள்ளே போய்
சிதறிக் கிடப்பதை அடுக்குவார்கள்?

வெளியே நின்று தட்டித்தான்,
நாள் முழுக்க, சலிக்காமல்.

கட்டைவிரலைப் பார், தலையைத் திருப்பாதே.
பஞ்சுப் பலகைமேல் ஒற்றைக்காலில் நில்.
துணிக் கிளிப் இருபது, வலது கையால்
கொடியில் மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு.
மதியம் தூங்கு, அதுவும் வைத்தியம்தான்.
(சும்மாதானே படுத்திருக்கார் என்கிறது பக்கத்து வீடு.)
சேலத்துச் சித்திரை வெயிலுக்கு
கறுப்புக் கண்ணாடி போடு.

வியாழக்கிழமை ஜங்ஷன் பக்கம் ஒரு அறையில்
தலையோரம் காந்தச் சுருளை வைக்கிறார்கள்.
எல்லோருக்கும் பலிக்காது என்று
முன்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
டக் டக் டக் டக்.
வண்டி எடுக்கும் முன் டிரைவர் அருள்தாஸ்
கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பான், அதே சத்தம்.
காத்து இருக்கா?
இருக்கு. கொஞ்சம் கம்மி.

விழுந்தது பன்னிரண்டாம் வளைவில் என்கிறார்கள்.
என்னிடம் பதினொன்று வரைதான் இருக்கிறது,
ஒரு குரங்கு, பலாப்பழ வாசனை, படிக்கட்டுக் கதவு.
அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரையில்
பெயரில்லாத ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
ஃபேன் என்று தெரிய ஒன்பது நாள்.

தண்ணி கேட்க வாயைத் திறந்தால் "ஸ்டேஜ்" வந்தது.
மகன் மணிமாறனை "மீதி" என்று கூப்பிட்டேன்.
என்னப்பா என்று வந்து நின்றான்.
இப்போது பேர் வாயில் வருகிறது.
மீதின்னே கூப்பிடுப்பா என்கிறான்.

பாசிமணி பிரிக்கச் சொன்னபோது
தட்டைத் தூக்கி எறிந்தேன்.
கோபமும் அடியில் சேர்ந்ததுதான் என்று
மேடமே குனிந்து பொறுக்கினார்.
மறுநாள் பூங்கோதை பரணிலிருந்து
என் தோல்பையை இறக்கிக் கொண்டுவந்தாள்.
கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து.
கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன்.
தலைக்குத் தெரியாதது
விரலுக்குத் தெரிந்திருந்தது.
விசிலையும் ஊதச் சொன்னார், மூச்சுப் பயிற்சிக்கு.
கிளினிக்கில் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள்.

போன ஞாயிறு ஏற்காட்டுக்குப் போனோம்,
நான் ஜன்னலோரம், பயணியாக.
கோரிமேட்டிலிருந்தே ஒரு சொல்லை
நாக்கில் வைத்துக்கொண்டு வந்தேன்.
எங்கே என்று கேட்டான் புதுப் பையன்.
ஏ, என்றேன். ஏ.
பூங்கோதை டிக்கெட் எடுத்தாள்.
மீதி இறங்கும்போது வாங்கிக்கங்க என்று
டிக்கெட் முதுகில் கிறுக்கிக் கொடுத்தான்.
நான் கிறுக்குகிற மாதிரியே.

அடிவாரத்திலிருந்து வளைவுகளை எண்ணினேன்.
பதினொன்றில் அவள் கை.
பன்னிரண்டு.
மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட ஒரு குட்டிச்சுவர்.
அவ்வளவுதான் இருந்தது அங்கே.
அடுத்ததைப் பதினான்கு என்றேன்,
அவள் திருத்தவில்லை.

ஏரி ஸ்டாப்பில் இறங்கும்போது
பையன் மீதியை என் உள்ளங்கையில் கொட்டினான்.
பார்க்கவில்லை. மூடினேன். கனம் இடித்தது.
"தம்பி, ஒரு ரூபா குறையுது."

முழு வாக்கியம்.
நடுவில் எங்கும் நிற்காமல்.

பையன் தலையைச் சொறிந்துகொண்டு
பைக்குள் துழாவினான்.
பூங்கோதை அந்த ரூபாயைச் செலவழிக்க விடவில்லை,
எங்கே வைத்தாள் என்று கேட்டால்
நீயே கண்டுபிடி, அதுவும் பயிற்சி என்கிறாள்.

நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது.
இதை எழுத பதினேழு நாள்.
கை கடுக்கிறது.
கொடியில் கிளிப் இன்னும் பன்னிரண்டு.